சம்ப் மூடிமேல் ஒரு எஸ்டீம்

காரின் நான்கு சக்கரங்களும் சுவரோரம் இட்லித் தட்டு மாதிரி அடுக்கியிருந்த நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது.

காருக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த தினேஷுக்கு முதலில் தெரிந்தது ஒரு ஜோடி செருப்பு. அப்புறம் பட்டுக் கரை வேட்டி. அதற்கு மேலே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அபார்ட்மெண்டில் சனிக்கிழமை பகலில் பட்டுக் கரை வேட்டி கட்டுகிற ஆள் ஒருவர்தான். செகரட்டரி நாராயணசாமி, தமிழில் உள்ளூர் இந்தியைக் கலந்து பேசுகிறவர்.

"க்யா பா இது? பார்க்கிங்கா, மெக்கானிக் ஷாப்பா?"

தினேஷ் எழுந்து கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். காருக்கு அந்தப் பக்கம் ஸ்பானரோடு இருந்த நூர் முகமது நிமிரவே இல்லை.

"சின்ன வேலை சார். ஸ்பிரிங் மாத்துதோம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"சாயங்காலம் நக்கோ, முடியாது. மூணு மணிக்கு டேங்கர் வருது."

"டேங்கர் நாளைக்குத்தானே சார், ஞாயித்துக்கிழமை?"

"நாளைக்கு வர்றது நாளைக்கு. இன்னிக்கு ஸ்பெஷலா ஒண்ணு சொல்லியிருக்கேன். லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டி மூணு நாள் ஆச்சு. எதுக்கு ஒட்டறோம், நீங்க படிக்கத்தானே? என் பொண்ணு சாஹித்யாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நாப்பது பேர் நாலு மணிக்கு வர்றாங்க. மேல டாங்க்ல சேறுதான் வருது. போர்ல காத்துதான் வருது."

தினேஷும் நூரும் முதல் மாடி. லிஃப்டில் ஏறியதே இல்லை.

விஷயம் என்னவென்றால், அந்த அபார்ட்மெண்டின் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, சரியாக அவர்களுடைய பார்க்கிங் கட்டத்துக்கு அடியில் இருந்தது. இரும்பு மூடி கட்டத்தின் நட்டநடுவில். டேங்கர் வரும்போதெல்லாம் காரை எடுக்க வேண்டும் என்பதால் வேறு யாரும் சீந்தாத இடம். பேச்சிலர்களுக்கு அது போதும் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போது அந்த மூடிக்கு நேர் மேலே, நான்கு ஸ்டாண்டுகளின் மீது, சக்கரமில்லாமல் அந்தரத்தில் நின்றது தினேஷின் சிவப்பு எஸ்டீம்.

நாராயணசாமி இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். "ரெண்டு ஆச்சு. போன மாசம் மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கினது ஒண்ணு. வேர்ல்டு கப் அன்னிக்கு மாடில வெடி போட்டது ஒண்ணு. மூணாவது ஆச்சுன்னா ஒண்ணாம் தேதி வீடு காலி. எழுதியே குடுத்திருக்கேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"மூணு மணி." லிஃப்ட் அவரை விழுங்கியது.

தினேஷ் மொபைலைப் பார்த்தான். பதினொன்று ஐம்பது.

அமீர்பேட்டில் பேச்சிலருக்கு வீடு கிடைப்பது எப்படி என்பதை அனுபவித்தவனிடம்தான் கேட்க வேண்டும். பதினேழு வீடு பார்த்தார்கள். பதினாறு இடத்தில் 'ஒன்லி ஃபேமிலி'. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர், ஒரு பாத்ரூமுக்குப் பதினெட்டு பேர் என்று எட்டு மாதம் ஓட்டிய பிறகு இந்த வீடு. மாடியில் காற்று, கீழே காருக்கு ஒரு கட்டம், பத்து நிமிடத்தில் பேகம்பேட் ஆபீஸ். இதை விட்டால் மறுபடி ஹாஸ்டல்தான். ஹாஸ்டலில் காரை எங்கே நிறுத்துவது?

"மாப்ள," என்றான் நூர். மதுரைக்காரன், நிதானி. "இடது பக்கம் ரெண்டுதான் கழட்டியிருக்கோம். பழசையே திருப்பி மாட்டி, ஓரமாத் தள்ளிருவோம். அரை மணி நேர வேலை. நாளைக்கு டேங்கர் போனதுக்கப்புறம் நிம்மதியாப் பாத்துக்கலாம்."

நல்ல யோசனை. தினேஷுக்கே தெரிந்தது. ஆனால் சாக்கு விரிப்பின் மேல் மஞ்சள் பெயிண்ட் பளபளக்க வரிசையாகப் படுத்திருந்தன நான்கு காயிலோவர்கள். நூரின் மச்சான் துபாயிலிருந்து வரும்போது, அத்தைக்கு வாங்கிய பாதாமையும் தைலத்தையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியில் பதினெட்டுக் கிலோ இரும்பாகக் கொண்டுவந்த சரக்கு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே உருப்படி. உடம்பெல்லாம் மரை. மரையில் ஒரு வளையம். வளையத்தை மேலே திருகினால் கார் உயரும், கீழே திருகினால் தாழும். கம்பெனி வைத்த உயரம் என்ற பேச்சே கிடையாது. அதற்காக இரண்டு வருடம் காத்திருந்தவன் தினேஷ்.

"மூணு மணி நேரம் இருக்குல," என்றான். "பழசை மாட்டுத நேரத்துல புதுசையே மாட்டிரலாம். நீ இடது பக்கம் ரெண்டும். நான் வலது பக்கம் ரெண்டும். பேரலலாப் போவோம்."

"சொல்றதைச் சொல்லிப்புட்டேன்."

"ஏல, திருநவேலிக்காரன் வாக்கு."

"அதான் பயமா இருக்கு."

வேலை பறந்தது. பானெட்டுக்குள் மேல் நட்டுகள், கீழே சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு போல்ட், பிரேக் ஹோஸ் கிளிப். பழையது வெளியே, புதியது உள்ளே. பன்னிரண்டே முக்காலுக்கு நூர் தன் முதல் உருப்படியை மாட்டிவிட்டான். தினேஷும் வலது முன் பக்கத்தை முடித்தான். காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைகள் மட்டும் அவ்வப்போது எழுந்து அமிழ்ந்தன.

"வளையம் எத்தனைல வைக்க?" என்று நூரின் குரல் காருக்கு அப்பாலிருந்து வந்தது.

"அம்பது மில்லி! ஃபோரத்துல எல்லாரும் அம்பதுதான் சொல்லுதான்!"

"அம்பது. ஓகே!"

பிரச்சினை வலது பின் பக்கத்தில் வந்தது. ஒரு போல்ட். ஏழு வருடத் துரு. ஸ்பானரைப் போட்டுத் தொங்கினான், அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டுக் காத்திருந்தான், அசையவில்லை. மாடிக்கு ஓடி, கொசுவலை கட்டும் இரும்புக் குழாயை எடுத்துவந்து ஸ்பானர் பிடியில் சொருகி, சுவரில் காலை உதைத்து இழுத்தான். 'டொக்' என்று ஒரு சத்தம். போல்ட் விட்டது. தினேஷ் பின்னால் போய் சக்கர அடுக்கின் மேல் உட்கார்ந்தான்.

மணி இரண்டு பத்து.

தினேஷ் கடைசி உருப்படியையும் மாட்டினான். இரண்டு முப்பத்தைந்துக்குச் சக்கரங்கள் மாட்டி, நட்டு இறுக்கி, ராணிகஞ்சில் வாங்கிய டிராலி ஜாக்கியால் முதலில் இடது பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டுகளை எடுத்து, இறக்கினார்கள். கார் அழகாக உட்கார்ந்தது. ஜாக்கியை வலது பக்கம் உருட்டிவந்து நடுவில் கொடுத்தான் தினேஷ். தூக்கினான். ஸ்டாண்டுகளை நூர் உருவினான்.

இருபது நிமிடம் கையில் இருந்தது. தினேஷ் ஜெயித்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் ஜாக்கியின் வால்வை அரைச் சுற்றுக்குப் பதிலாக நாலு சுற்றுத் திருப்பினான்.

கார் இறங்கியது. டயர் தரையைத் தொட்டது. தொட்ட பிறகும் இறங்கியது. இன்னும் இறங்கியது. கடைசியில் 'ணங்' என்று ஜாக்கியின் தலைமேல் உட்கார்ந்து நின்றது.

ஜாக்கி தன்னால் ஆன மட்டும் தாழ்ந்துவிட்டிருந்தது. கார் அதற்கும் கீழே போகப் பார்த்து, வழியில்லாமல் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

"தூக்குடா மறுபடி," என்றான் நூர்.

தினேஷ் வால்வை மூடி, பிடியை அடித்தான். ஒரு தடவை, ஐந்து தடவை, இருபது தடவை. பிடி பொம்மை மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. கார் ஒரு நூல்கூட எழவில்லை. ஜாக்கிக்கு அடியிலிருந்து எண்ணெய் ஒரு கோடாகக் கிளம்பி, சம்ப் மூடியை நோக்கி நடந்தது.

"வால்வை ரொம்பத் தொறந்துட்டேன்." தினேஷின் குரல் தினேஷுக்கே கேட்கவில்லை.

நூர் பழைய பனியன் ஒன்றை எண்ணெய் மேல் போட்டுவிட்டு, நாலு எட்டு பின்னால் போய்க் காரைப் பார்த்தான். எஸ்டீம், ஒரு பக்கம் மட்டும் சவாரி ஏறிய ஓடம் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"மாப்ள. உன் பக்கம் ஏன்டா தரைக்கு முத்தம் குடுக்குது?"

"உன் பக்கம் ஏம்ல வானத்தைப் பாக்குது?"

"அம்பது மில்லி சொன்ன, வச்சேன்."

"நானும் அம்பதுதான் வச்சேன்."

"எங்கேருந்து?"

"மரையோட அடில இருந்து."

நூர் கண்ணை மூடிக்கொண்டான். "நான் மேலேருந்து அளந்தேன்."

இரண்டு பேரும் சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள். வேலையை இடது, வலது என்று கச்சிதமாகப் பிரித்தவர்கள், எந்த முனையிலிருந்து அளப்பது என்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆபீசில் இதே தப்பை இன்னொரு டீம் செய்திருந்தால் இருவரும் சேர்ந்து பன்னிரண்டு வரியில் மெயில் போட்டிருப்பார்கள், மேனேஜருக்கு ஒரு காப்பி வைத்து.

"டிக்கில காரோட ஜாக்கி இருக்குமே?"

"அது சூர்யாபேட்டைல இருக்கு. போன தடவை பஞ்சர் ஆனப்போ ரோட்டோரமே விட்டுட்டு வந்துட்டேன்."

நூர் மாடிப்படியில் பாய்ந்தான். கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி ஜாக்கி கேட்பதாகத் திட்டம். தினேஷ் தனியாகக் காரைத் தள்ளிப் பார்த்தான். ஜாக்கியின் சக்கரங்கள் குறுக்கே பார்த்து நின்றன. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

வெளியே ஹாரன்.

ஆனால் அது டேங்கர் இல்லை. அதைவிட மோசம். இருபது பேர் இறங்கக்கூடிய ஒரு வேன். அதன் பின்னால் இன்னொன்று. பட்டுப் புடவைகள், தாம்பாளத் தட்டுகள், மல்லிகை வாசனை. நாலு மணிக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள்.

"பேகம்பேட் ஃப்ளைஓவர்ல ஒரு மணி நேரம் மாட்டிக்கும்னு ஓட்டல்ல பயமுறுத்தினாங்க," என்று சொல்லிக்கொண்டே முதலில் இறங்கியவர் ஒரு கனத்த மனிதர். மாப்பிள்ளையின் சித்தப்பா உமாசங்கர், சென்னைக்காரர். "பார்த்தா ரோடு காலி. சரி, வந்துட்டோம்பா."

லிஃப்ட் திறந்தது. நாராயணசாமியும் அவர் மனைவி கல்பகமும் கைகூப்பியபடி வெளியே வந்தார்கள். நாராயணசாமியின் கண் சம்பந்தியைப் பார்த்தது, காரைப் பார்த்தது, தரையில் கிடந்த எண்ணெய்ப் பனியனைப் பார்த்தது. கைகூப்பு அப்படியே இருந்தது. முகம்தான் மாறியது.

அந்த நொடியில் தெருமுனையில் டேங்கரும் திரும்பியது.

டிரைவர் கேட்டை அடைத்தாற்போல் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான். "சார்! பண்டி தீயண்டி! பத்து நிமிஷாலே! தர்வாத்த வேற காலனிக்கி போவாலி!"

பத்து நிமிடம். வண்டியை எடுக்காவிட்டால் தண்ணீர் அடுத்த காலனிக்குப் போய்விடும். தெலுங்கு தெரியாத உமாசங்கருக்கே அது புரிந்தது.

நூர் மாடியிலிருந்து வெறுங்கையோடு இறங்கிவந்தான். ஒரு வீட்டில் ஆள் இல்லை. இன்னொன்றில் கார் ஊருக்குப் போயிருந்தது. மூன்றாவதில், 'ஜாக்கியா? அது எங்க இருக்கும்?' என்று அவனையே கேட்டார்கள்.

நாராயணசாமி தினேஷின் பக்கத்தில் வந்து, சிரித்த முகம் கலையாமல், பல்லுக்கிடையில் பேசினார். "வண்டியை எடு."

"வராது சார். ஜாக்கி மாட்டிக்கிச்சு." தினேஷ் மீதியையும் சொல்லிவிட்டான். "நூரு அப்பவே பழசை மாட்டித் தள்ளிரலாம்னான் சார். நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

"ஒண்ணாம் தேதி," என்றார் நாராயணசாமி.

"சரி சார்."

"என்ன சம்பந்தி, ஏதாவது பிராப்ளமா?" உமாசங்கர் கிட்டே வந்துவிட்டார்.

நாராயணசாமி வாயைத் திறப்பதற்குள் கல்பகம் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க. நம்ம பசங்கதான். விசேஷ வீட்டுக்கு ஓடியாடணும்னு காரை ரெடி பண்ணிட்டிருந்தாங்க. கொஞ்சம் மாட்டிக்கிச்சு."

நம்ம பசங்க! தினேஷ் நூரைப் பார்த்தான். நூர் நாராயணசாமியைப் பார்த்தான். நாராயணசாமி சம்பந்தியின் எதிரில் மனைவியை மறுத்துப் பேச முடியாமல் கூரையைப் பார்த்தார்.

வேன் டிரைவர் தன் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாட்டில் ஜாக்கி. அது நின்ற உயரமே ஒரு சாண். காருக்கும் தரைக்கும் நடுவில் இருந்ததோ அதில் பாதி. படுக்கவைத்துப் பார்த்தார்கள். படுத்த ஜாக்கி எதைத் தூக்கும்?

டேங்கர் ஹாரன் நீளமாக அலறியது.

"அட, ஜாக்கி எதுக்குப்பா?" உமாசங்கர் குனிந்து பார்த்தார். "ரெண்டு விரல் எழும்பினா அந்தச் சனியன் வெளிய வந்துடும். அவ்ளோதானே? ஹார்பர்ல இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். டேய், மாப்பிள்ளைத் தோழனுங்களா, சட்டைக் கையை மடிங்கடா. வேட்டியைத் தூக்கிக் கட்டுங்க."

"சித்தப்பா, பட்டு வேட்டி!"

"அழுக்கு தோய்ச்சா போவும். தண்ணி போச்சுன்னா நீ சாப்ட்டு கைய எதுல கழுவுவே?"

உமாசங்கரோடு ஐந்து பேர் வலது பக்கம் வரிசையாகக் குனிந்தார்கள். தினேஷ் ஆறாவது. சக்கரத்துக்கு மேல் வளைவில் கைகொடுக்கச் சொன்னான். கதவையோ பம்பரையோ பிடிக்க வேண்டாம் என்று காட்டினான். நூர் ஜாக்கியின் நீளப் பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"யாரும் அடில கைய விடக் கூடாது," என்றான் தினேஷ். "ஒண்ணு, ரெண்டு..."

மூன்றுக்கு முன்பே பாதிப் பேர் தூக்கிவிட்டார்கள். மற்றவர்கள் மூன்றுக்குத் தூக்கினார்கள். கார் ஊஞ்சல் மாதிரி ஆடி, மறுபடி உட்கார்ந்தது.

இரண்டாவது தடவை எல்லாரும் சேர்ந்தே தூக்கினார்கள். கார் ஒரு விரல் எழுந்தது. நூர் இழுத்தான். ஜாக்கி நகர ஆரம்பித்து, காரின் அடி விளிம்பில் இடித்து நின்றது. இன்னும் ஒரு விரல் வேண்டும்.

"இன்னும் ஒரு ஆள் வேணும்," என்று மூச்சு வாங்கினார் உமாசங்கர்.

கேட்டில் டேங்கர் எஞ்சின் உறுமியது. பின்னால் நகர்கிறபோது அடிக்கும் அந்தக் 'கீங் கீங்' சத்தம் ஆரம்பித்தது. போகிறான்!

"ஏ ருக்கோ!" என்று கத்தினார் நாராயணசாமி. டேங்கர் நிற்கவில்லை. அவர் அங்கவஸ்திரத்தைக் கழற்றி மனைவியின் தோளில் போட்டார். பட்டுக் கரை வேட்டியை மடித்துக் கட்டினார். தினேஷுக்கும் உமாசங்கருக்கும் நடுவில் இடம் பிடித்து, சக்கர வளைவில் இரண்டு கையையும் கொடுத்தார்.

"சார், உங்களுக்கு எதுக்கு..."

"பேச்சு நக்கோ. எண்ணு!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"ஹவ்! உட்டாவ்! தூக்கு!" என்று கத்தினார் நாராயணசாமி.

கார் எழுந்தது. நூர் இரண்டு காலையும் ஊன்றி இழுத்த இழுப்பில் ஜாக்கி சறுக்கிக்கொண்டு வெளியே வந்து, அவனும் அதுவுமாகச் சுவரில் போய் மோதினார்கள். தாம்பாளத்தோடு நின்றிருந்த பெண்கள் கூட்டம் கை தட்டியது. மாடிப்படித் திருப்பத்திலிருந்து ஒரு விசில். நிமிர்ந்து பார்த்தால், அலங்காரமெல்லாம் முடிந்து தலையில் பூவோடு சாஹித்யா.

"டாடி, சூப்பர்!"

"உள்ள போ!" என்றார் டாடி. ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தினேஷ் காரில் பாய்ந்து ஏறி ஸ்டார்ட் செய்தான். எஸ்டீம் ஒருக்களித்துப் படுத்த வாக்கில் சம்ப் மூடியைத் தாண்டி நகர்ந்தது. அவன் தலை மட்டும் நேராக இருந்தது. நூர் கேட்டுக்கு ஓடி டேங்கரின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான். டிரைவர் தெலுங்கில் ஏதோ சொன்னான். அது வாழ்த்து இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் வண்டியைத் திருப்பினான். இரண்டு நிமிடத்தில் குழாய் சம்புக்குள் இறங்கியது. தண்ணீர் விழும் சத்தம் பார்க்கிங் முழுவதும் எதிரொலித்தது.

ஆறு மணிக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டு, இருவரும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேலே நாதஸ்வரம் கேசட் ஓடியது. தினேஷ் ஆபீஸ் நோட்டில் வீட்டுத் தரகர்களின் நம்பரை எழுத ஆரம்பித்திருந்தான்.

"உப்பல் பக்கம் பாப்போமா?" என்றான் நூர். "தூரம்தான். ஆனா வாடகை கம்மி."

"நீ எதுக்குல வாரே? தப்பு பண்ணது நான்."

"நான் மேலேருந்து அளக்கலையா? போடா."

கதவு தட்டப்பட்டது. நாராயணசாமி. பின்னால் மூடிய டிபன் கேரியரோடு கல்பகம்.

தினேஷ் எழுந்தான். "சார், ஒண்ணாம் தேதிக்குள்ள கண்டிப்பா..."

"உட்காரு பா." நாராயணசாமி உட்காரவில்லை. இடுப்பில் ஒரு கை வைத்திருந்தார். கார் தூக்கியதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். "ஆவணில கல்யாணம் முடிவாயிருக்கு. இங்கயேதான். சம்பந்தி தம்பி இருக்கானே, உமாசங்கர், கிளம்பும்போது என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க பசங்க ரெண்டு பேரும் தங்கம். கல்யாண வேலையெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க. எனக்குக் கவலை இல்லை'ங்கறான்." அவர் மனைவியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "உங்க பசங்களாம். நாளைக்கு அவங்க வந்து, எங்கே பசங்கன்னு கேட்டா நான் என்னா சொல்றது? வீட்டை விட்டுத் துரத்திட்டேன்னா?"

தினேஷ் தரகர் நம்பர் எழுதிய நோட்டை மூடினான்.

"அதனால கல்யாணம் வரைக்கும் இருங்க. அப்புறம் பார்ப்போம்."

"அப்புறம்னா, கல்யாணம் முடிஞ்சதும் காலி பண்ணணுமா சார்?" நூருக்கு எதையும் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

கல்பகம் கேரியரை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். நெய் மணக்கும் கேசரி, வடை, புளியோதரை.

"அதெப்படிப்பா? தலை தீபாவளிக்கு அவங்க வருவாங்க, தலைப் பொங்கலுக்கு வருவாங்க," என்றாள். "அப்புறம் சீமந்தம் இருக்கு. சாப்பிடுங்க, ஆறிடப் போவுது."